ஸ்பூனோடு வரும் சாண்ட்விச்

அமெரிக்காவின் நடுப்பகுதியில், கிழக்கே மிசிசிப்பி, மேற்கே மிசோரி என்று இரண்டு பெரிய ஆறுகளுக்கு இடையில் இருக்கிறது அயோவா மாநிலம். சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். மனிதர்கள் சுமார் 32 லட்சம் பேர். பன்றிகளோ 2 கோடிக்கும் மேல்! அப்படிப்பட்ட ஊரில் மக்கள் கொண்டாடும் சாண்ட்விச் மாட்டிறைச்சியில் செய்தது என்பது முதல் ஆச்சரியம். அதைச் சாப்பிடக் கையில் ஒரு ஸ்பூனும் தருவார்கள் என்பது இரண்டாவது ஆச்சரியம்.

காரணம் எளிது. பர்கரில் இறைச்சியை வடைபோலத் தட்டிச் சுடுவார்கள். இங்கே தட்டுவதும் இல்லை, சுடுவதும் இல்லை. கொத்துக்கறியை வேகவைத்து, பொரியல்போல உதிரி உதிரியாக பன்னுக்குள் அள்ளி வைக்கிறார்கள். கூடவே பொடியாக நறுக்கிய வெங்காயம், வெள்ளரி ஊறுகாய் வில்லைகள், கொஞ்சம் மஸ்டர்ட். மெழுகுத்தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கடிக்கும்போது பாதி கறி தாளில் உதிரும். அதை அள்ளித் தின்னத்தான் அந்த ஸ்பூன்.

பொதுவாக இதற்கு 'லூஸ் மீட்' சாண்ட்விச் என்று பெயர். ஆனால், அயோவாவில் கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெயரோடு கதையும் மாறும்.

கறிக்கடைக்காரர் செய்த சாண்ட்விச்

மிசிசிப்பிக் கரையில் இருக்கும் மஸ்கட்டின், ஒரு காலத்தில் ஆற்றுச் சிப்பியில் சட்டைப் பொத்தான் செய்து உலகம் முழுக்க அனுப்பிய ஊர். அங்கே 1926-ல் ஃப்ரெட் ஏஞ்சல் என்ற கறிக்கடைக்காரர் இந்த சாண்ட்விச்சை விற்கத் தொடங்கினார். சரக்கு கொண்டுவந்த ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து, 'சரியாகச் செய்திருக்கிறீர்கள்' என்று ஆங்கிலத்தில் பாராட்டினாராம். அந்தச் சொற்களே 'மெய்ட்-ரைட்' என்று கடைக்குப் பெயரானது என்பது இன்றும் சொல்லப்படும் கதை. அந்தப் பெயரில் பல ஊர்களில் கிளைகள் முளைத்தன. அயோவாவில் பலருக்கு மெய்ட்-ரைட் என்பது இப்போது கடையின் பெயர் மட்டுமல்ல, சாண்ட்விச்சின் பெயரும் அதுதான்.

கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே ஒரு கடை

மஸ்கட்டினிலிருந்து தென்மேற்கே போனால் டெமாய்ன் ஆற்றங்கரையில் ஒட்டம்வா. இறைச்சி ஆலையை நம்பி வளர்ந்த ஊர் இது. 1877-ல் வந்த பெரிய ஆலை 1973-ல் மூடப்பட்டது. ஆலை போனாலும் ஊர்க்காரர்களின் மதியச் சாப்பாட்டுக் கடை போகவில்லை. அதன் பெயர் 'கேன்டீன் லஞ்ச் இன் தி ஆலி'. சந்துக்குள் இருக்கும் கேன்டீன் என்று அர்த்தம். 1927-ல் தொடங்கியது. இங்கே சாண்ட்விச்சுக்கே 'கேன்டீன்' என்றுதான் பெயர். குதிரை லாட வடிவக் கவுன்ட்டரைச் சுற்றி ஸ்டூல்கள். ஒரே நேரத்தில் இருபது பேர்கூட உட்கார முடியாது. நடுவில் ஆவி பறக்கும் கறித் தொட்டி.

நகரில் பல அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்ட முடிவானபோது இந்தக் குட்டிக் கடை குறுக்கே நின்றது. ஊர் மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கடையை இடிக்காமல், அதற்கு மேலேயே கான்கிரீட் தளத்தைக் கட்டினார்கள். இன்றும் கார்கள் மேலே நிற்க, கீழே சாண்ட்விச் வியாபாரம் நடக்கிறது.

நடிகர் டாம் ஆர்னால்டு ஒட்டம்வாவில் பிறந்தவர். அவரும் நடிகை ரோசன் பாரும் கணவன் மனைவியாக இருந்த காலத்தில், 'ரோசன்' தொலைக்காட்சித் தொடரில் ஒரு லூஸ் மீட் சாண்ட்விச் கடை வந்தது. அயோவாவுக்கு வெளியே பல அமெரிக்கர்கள் இந்தப் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். அந்தத் தம்பதி 1993-ல் பக்கத்து ஊரான எல்டனில் நிஜமாகவே ஓர் உணவகம் திறந்தார்கள். நட்சத்திரங்களின் அந்தக் கடை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. சந்துக்குள் இருக்கும் கடை இன்னும் நிற்கிறது.

கெட்சப்புக்கு ஓட்டெடுப்பு

வடக்கே மாநிலத்தின் நடுவில் இருக்கிறது மார்ஷல்டவுன். இங்குள்ள 'டெய்லர்ஸ் மெய்ட்-ரைட்' 1928-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. இந்தக் கடையில் பல பத்தாண்டுகளாகக் கெட்சப் கிடையாது. மஸ்டர்ட் உண்டு, ஊறுகாய் உண்டு, தக்காளி மட்டும் தடை! பஞ்ச காலத்தில் கையில் காசில்லாதவர்கள் கெட்சப்பை வெந்நீரில் கலக்கி சூப்பாகக் குடித்துவிட்டுப் போனதால்தான் அதை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. 2006-ல் வாடிக்கையாளர்களிடம் ஓட்டெடுப்பு நடத்திய பிறகுதான் கெட்சப் பாட்டில் கவுன்ட்டருக்குத் திரும்பியது. இன்றும் பழைய வாடிக்கையாளர்கள் அந்த பாட்டிலை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

இந்த ஊர் பட்ட அடிகள் கொஞ்சமல்ல. 2018 ஜூலையில் வந்த சூறாவளி நகர மையத்தைச் சிதைத்து, நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியைக் கீழே தள்ளியது. 2020 ஆகஸ்டில் இன்னொரு பெரும்புயல். அதோடு ஊரின் முகமும் மாறியிருக்கிறது. பன்றி இறைச்சி ஆலை வேலைக்காக மெக்சிகோவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. டாக்கோ கடைகளும் மெய்ட்-ரைட்டும் ஒரே ஊரில் பசியாற்றுகின்றன.

மேற்கே போனால் 'டாவர்ன்'

மஸ்கட்டினிலிருந்து 550 கிலோமீட்டருக்கு அப்பால், மிசோரி ஆற்றங்கரையில் சியூ சிட்டி. ஒரு காலத்தில் பெரிய கால்நடைச் சந்தை நடந்த ஊர். இங்கே போய் 'மெய்ட்-ரைட்' என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். இங்கே அதன் பெயர் 'டாவர்ன்'. அந்தச் சொல்லுக்கு மதுக்கடை என்று அர்த்தம். ஆனால், 'இரண்டு டாவர்ன் கொடுங்கள்' என்று இந்த ஊரில் குழந்தைகூடக் கேட்கும். 1924-லேயே டேவிட் ஹெக்லின் என்பவர் தன் கடையில் இதை விற்றார் என்பதால், 'நாங்கள்தான் முதலில்' என்பது இந்த ஊரின் வாதம். மஸ்கட்டின் கணக்கோ 1926. இரண்டு ஊர்களுக்கும் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சமையலறைக்கு வந்த கதை

பல சிறு நகரங்களில் மெய்ட்-ரைட் கடைகள் மூடப்பட்டுவிட்டன. படித்த பிள்ளைகள் சிகாகோ, மினியாபோலிஸ் என்று வேலை தேடிப் போய்விடுகிறார்கள். டெய்லர்ஸ் கடையே அப்படிப் போனவர்களுக்காக சாண்ட்விச்களை உறையவைத்துப் பெட்டியில் அனுப்புகிறது. ஆனாலும், இந்த ருசி உண்மையில் தங்கியிருப்பது வீடுகளில்தான். பள்ளி விளையாட்டுப் போட்டி, தேவாலய விருந்து, கல்யாணத்துக்கு முந்தைய நாள் கூட்டம் என்று எங்கே ஆள் சேர்ந்தாலும், யாராவது ஓர் அம்மா பெரிய மின்சாரப் பாத்திரம் நிறைய லூஸ் மீட் கொண்டுவந்துவிடுவார்.

செய்முறை சுலபம். ஆனால், கை சும்மா இருக்க வேண்டும்.

நான்கு பேருக்கு அரை கிலோ மாட்டுக் கொத்துக்கறி போதும். கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் கறி வறண்டுபோகாது. கறியை வாணலியில் நேரடியாகப் போடக் கூடாது. முதலில் ஒரு கப் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, கறியை அதில் கரைத்துவிட்டு, பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அப்போதுதான் கறி கட்டி தட்டாமல் மணல்போல உதிரும். பச்சைக் கறியில் உப்புப் போட்டுப் பிசையவே கூடாது. பிசைந்தால் கறியின் புரதம் பசையாகி ஒட்டிக்கொள்ளும். கட்லெட்டுக்கு அது நல்லது, இதற்கு ஆகாது.

கொதி வரும் வரை கரண்டியால் உடைத்துக்கொண்டே இருக்கவும். பிறகு பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள் சேர்த்துத் தீயைக் குறைக்கவும். மஸ்டர்ட் ஒரு டீஸ்பூனும் வினிகர் சில துளிகளும் விடுவது சில வீடுகளின் வழக்கம். மூடாமல் 25 முதல் 30 நிமிடம் வேகட்டும். தண்ணீர் சுண்டி, கறி ஈரமாக, ஆனால் சாறு வடியாமல் இருப்பதுதான் பதம். மிதக்கும் கொழுப்பு அதிகமானால் வழித்து எடுத்துவிடலாம். கறி நிறம் மாறிச் சிவக்கத் தேவையில்லை.

பன்னை டோஸ்ட் செய்யக் கூடாது. இட்லித் தட்டில் வைத்து அரை நிமிடம் ஆவி காட்டினால் போதும். ஊறுகாயும் வெங்காயமும் அடியில், கறி மேலே. மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளில் கோழி அல்லது வான்கோழிக் கொத்துக்கறியில் இதே முறையில் செய்யலாம். அதில் கொழுப்பு குறைவு என்பதால் ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்க்க வேண்டும்.

முதல் முறை செய்கிறவர்களுக்குத் தக்காளி சாஸ் ஊற்ற வேண்டும் என்று கை பரபரக்கும். ஊற்றினால் அது 'ஸ்லாப்பி ஜோ' என்ற வேறு சாண்ட்விச் ஆகிவிடும். அதுவும் ருசிதான். ஆனால், ஒட்டம்வாவில் பிறந்தவர் யாராவது சாப்பிட உட்கார்ந்திருந்தால், சாஸ் பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டு ஸ்பூனை மட்டும் எடுத்து வைப்பது நல்லது.