மூவாயிரத்து ஐநூறு ரூபாய் சென்சார்

என் அக்கா மகன் பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, "மைலேஜ் எவ்வளவு கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"மைலேஜுக்காகவாங் மாமா இந்த வண்டிய வாங்குவாங்க?" என்று சிரித்தான்.

ஐரோப்பிய வண்டி, 150 குதிரைத்திறன். கோவைக்காரர்களுக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தவர் நம்மூர் கரிவரதன். 1995-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் பெயரில்தான் 2003-ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம்மூர்தான். மாப்பிள்ளைக்கு அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் இல்லை. செட்டிபாளையத்தில் நாலு ரவுண்டு நன்றாக ஓட்டினால் போதும்.

ஆறு மாதத்தில், "பிக்கப் போச்சுங் மாமா" என்று வந்தான். எண்ணெய் தடவிய பருத்தி ஏர் ஃபில்டர் ஒன்றைப் போட்டிருந்தான். அந்த எண்ணெய் பறந்துபோய் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் படிந்துவிட்டது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்துச் சுத்தம் செய்து பார்த்தோம், தேறவில்லை.

அந்த சென்சார் என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன். இன்ஜினுக்குப் பெட்ரோலைவிடக் காற்றுதான் அதிகம் வேண்டும். எடைக்கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று போக வேண்டும். ஆனால் காற்றை லிட்டரில் அளந்தால் கணக்குத் தப்பும். கோவையில் 1 கன மீட்டர் காற்று சுமார் 1.1 கிலோ. ஊட்டியில் அதே கன மீட்டர் 930 கிராம்தான் இருக்கும். அதனால் எடையைத்தான் அளக்க வேண்டும். குழாய்க்குள் சூடாக்கிய ஒரு மெல்லிய தகடு இருக்கும். மேலே ஓடும் காற்று அதன் சூட்டைத் திருடும். எவ்வளவு திருடுகிறதோ அதை வைத்து, நொடிக்கு இத்தனை கிராம் காற்று என்று வண்டியின் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றும்.

எனக்கு இது பழகிய சங்கதி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டைப் பார்த்துக்கொண்டவன் நான். குழாயில் காற்றின் வேகம் பார்க்க நாங்கள் வைத்திருந்த அனிமோமீட்டரும் இதே சூடான கம்பி வித்தைதான்.

அசல் சென்சார் 16,000 ரூபாய் என்றார்கள். வர மூன்று வாரம் ஆகுமாம். பென்ஷன்காரன் புத்தி சும்மா இருக்குமா? நானே கடை கடையாக ஏறி இறங்கி, 3,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தேன். பெட்டியில் நல்ல கம்பெனிப் பெயர்தான் போட்டிருந்தது. "எல்லாம் ஒண்ணுதான் மாப்ள, பேருக்குத்தான் காசு" என்றேன். அவன் கொஞ்சம் தயங்கினான். பெரியவர் சொல்கிறாரே என்று மாட்டிக்கொண்டான்.

இரண்டு மாதம் வண்டி அருமையாக ஓடியது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செட்டிபாளையம். நான் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரவுண்டில், நேர் ரோட்டில் முழு வேகத்தில் வந்த வண்டியின் பின்னால் நீலப் புகை கிளம்பியது. பிரித்துப் பார்த்ததில் மூன்றாவது பிஸ்டனின் ஓரம் மெழுகு மாதிரி உருகியிருந்தது. செலவு 1,80,000 ரூபாய். அவன் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த காசு.

மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காதான், "உங்கிட்ட ரோசன கேட்டான் பாரு" என்றது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வீட்டுப் பின்கட்டில் ஒரு புளோயர், குழாய், 12 வோல்ட் பேட்டரி, 5 வோல்ட்டுக்கு ஒரு சின்ன ரெகுலேட்டர், மல்டிமீட்டர் எல்லாவற்றையும் வைத்து ஒரு ஏற்பாடு செய்தேன். நண்பன் ஒருவனின் இதே மாடல் வண்டியிலிருந்து அசல் சென்சாரை மாப்பிள்ளை இரவல் வாங்கி வந்தான். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். குறைந்த காற்றில் இரண்டும் ஒரே அளவு காட்டின. காற்றைக் கூட்டினால் அசல் 3.9 வோல்ட், நான் வாங்கியது 3.5. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்த சென்சாரில் வோல்ட்டும் காற்றும் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. அந்த இடத்தில் 0.4 வோல்ட் குறைந்தால் காற்றில் கால்வாசி கணக்கில் வரவில்லை என்று அர்த்தம்.

இரண்டு மாதம் எப்படி ஓடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. சாதாரணமாக ஓட்டும்போது சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் தப்பைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் அந்தத் திருத்தம் நின்றுவிடும். ஏர் ஃப்ளோ சென்சார் சொல்வதை கம்ப்யூட்டர் அப்படியே நம்பும். டர்போ காற்றை அமுக்கித் தள்ளுகிற அந்த நேரத்தில் பெட்ரோல் கால்வாசி குறைந்தால் சூடு எகிறி, தட்டல் வந்து, பிஸ்டன் போய்விடும்.

மில்லில் இருந்தவரை, சரிபார்க்காத மீட்டரை நான் சுவரில் மாட்ட விட்டதே இல்லை. சொந்த அக்கா மகன் வண்டியில் மாட்டினேன்.

பிறகு அசல் சென்சார் வந்தது. இன்ஜினும் தயாரானது. மறு வருஷம் மாப்பிள்ளை 200 குதிரைத்திறனுக்கு ஏற்ற வேண்டும் என்றான். 1 குதிரைத்திறனுக்கு நொடிக்கு 0.8 கிராம் காற்று என்பது தோராயக் கணக்கு. அப்படியானால் 160 கிராம் வேண்டும். அவன் வண்டி சென்சாரோ 130-க்கு மேல் ஒழுங்காகச் சொல்லாது. 60 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு, அதே சென்சாரை 70 மில்லிமீட்டர் குழாயில் வைத்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வெச்சுக்கலாம் மாப்ள. ஆனா குழாயோட வாய் 36 சதவீதம் அகலமாகுது. காத்து மெதுவாப் போகும். சென்சார் கால்வாசிக்கு மேல கொறச்சுச் சொல்லும். கம்ப்யூட்டர்ல அட்டவணைய மாத்தாம ஓட்டுனா, அது நான் வாங்கித் தந்த 3,500 ரூபாய் சென்சாரேதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தான். பிறகு, "அப்ப அளந்து மாத்திக்கலாமுங் மாமா" என்றான். பெட்ரோல்-காற்று விகிதம் காட்டும் மீட்டர் ஒன்றைப் புகைக்குழாயில் பொருத்தி, ட்யூனிங் தெரிந்த ஒருவரிடம் நாலு நாள் உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினார்கள்.

உங்களில் யாருக்காவது இந்த சென்சார் வேண்டியிருந்தால் நான் சொல்வது இதுதான். வண்டியில் இருக்கும் பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள். புதுசுக்குக் கையில் காசு இல்லையென்றால், சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் உடைத்த வண்டியின் பழைய அசல் வாங்கலாம். புதுப் போலிக்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் எதை மாட்டினாலும் அளந்து பார்க்காமல் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள்.

இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறான். ஸ்கேனரைப் போனில் போட்டு வாசிப்பான், நான் நோட்டில் எழுதுவேன். போன ஞாயிறு ஐடிலில் 3.1 கிராம். அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தத் தடவ சரியாப் பாத்தியாடா?" என்றது.

இரண்டு தரம் பார்த்துவிட்டேன் என்றேன்.