இரண்டு செல்விகள்

நாவலில் ஒரே பெயரில் இரண்டு பாத்திரங்களை நான் வைப்பதில்லை. வாழ்க்கைக்கு அந்தக் கவலை கிடையாது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ‘செல்வி!’ என்று குரல் கொடுத்துப் பாருங்கள். நாலு தலை திரும்பும்.

அங்கே பலருக்குப் பீஸ் கணக்கில் கூலி. இந்த மாதிரிக் கணக்குக்கென்றே ஜாவா மொழியில் 1998 முதல் ‘ஹாஷ்மேப்’ இருக்கிறது. ஒரு சாவிக்கு ஓர் அறை; ஓர் அறையில் ஒரே தொகை. பெயரைச் சாவியாக்கினாலோ, இரண்டாவது செல்வியின் கூலி முதல் செல்வியின் கூலியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். சத்தமே கேட்காது. இத்தனைக்கும், வெளியேற்றிய பழைய தொகையை அது திருப்பி நீட்டத்தான் செய்கிறது. வாங்கிப் பார்ப்பார்தாம் இல்லை!

மனிதரை எண்ணால் அழைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் சனிக்கிழமை மாலை எந்தச் செல்வியும் வெறுங்கையுடன் வீடு திரும்பாதிருக்க, டோக்கன் நம்பர்தான் சாவியாக வேண்டும்.