மூன்று கால் ஆட்டுக்குட்டி

"நான் வரைஞ்ச பிள்ளைய இனி நான் வரையக் கூடாதுன்னு எழுதியிருக்கு, வக்கீல் சாரே. அப்படிச் சொல்ல முடியுமா?"

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழை நாள். நெய்யாற்றின்கரையில் என் ஆபீசுக்கு வந்த ஓவியர், நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்த வக்கீல் நோட்டீசை எடுத்து நீட்டினார். பாறசாலையைத் தாண்டி, களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுபோன தமிழ்க் குடும்பங்கள்தான் அவருடையதும் என்னுடையதும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்.

ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேல் அட்டைப்படம் வரைந்தவர் அவர். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, அவள் பாவாடையைக் கடித்து இழுக்கும் ஓர் ஆட்டுக்குட்டி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கடையில் கம்பெனிப் பெயர் சொல்லி நோட்டு கேட்டதில்லை, "ஆட்டுக்குட்டி நோட்டு" என்றுதான் கேட்பார்கள். சம்பளத் தகராறில் வேலையை விட்டவர், வேறொரு அச்சகத்துக்காக அதே சிறுமியையும் குட்டியையும் வைத்துக் கதைப்படம் வரைய ஆரம்பித்தார். உடனே நோட்டீஸ் வந்துவிட்டது. எங்கள் சம்பளத்தில் வரைந்தது எங்களுக்கே சொந்தம் என்றது கம்பெனி.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவை மேலோட்டமாகப் படித்தால் கம்பெனி சொல்வது சரி என்றே தோன்றும். வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளி. ஆனால் எனக்கு அந்த நிமிஷமே மலையாளக் கார்ட்டூன் பிள்ளைகளான போபனும் மோளியும் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் பட்ட கடன் பெரிது. எழுத்துக் கூட்டி மலையாளம் வாசிக்க நான் பழகியது அவர்கள் பேச்சைப் படித்துத்தான். மனோரமா வார இதழ் வீட்டுக்கு வந்தால் முதலில் திருப்புவது அவர்கள் வரும் கடைசிப் பக்கத்தைத்தான். கேரளம் முழுக்க அந்தப் பழக்கம் இருந்தது. குட்டநாட்டில், அவர்களை வரைந்த டோம்ஸ் என்ற வி.டி. தாமஸின் வீட்டு வழியே குறுக்குப் பாதை பிடித்துப் பள்ளிக்கூடம் போன பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து பிறந்தவர்கள் அவர்கள். என்னை வரைந்து தாருங்கள் என்று ஒரு நாள் அந்தச் சிறுமி கேட்டிருக்கிறாள். வரைந்து கொடுத்தார். அந்த இருவரின் பெயர்களையே பிறகு தம் பிள்ளைகளுக்கும் வைத்தார்.

படத்தில் அவர்களுடைய அப்பா போத்தன், கேஸ் கிடைக்காத வக்கீல். பஞ்சாயத்துத் தலைவர், அவர் மனைவி சேட்டத்தி, முடி வளர்த்துத் திரியும் அப்பி ஹிப்பி என்று ஊரே அதில் உண்டு. பெரியவர்கள் மூடி மறைப்பதைப் பிள்ளைகள் இரண்டும் ஒரே கேள்வியில் போட்டு உடைப்பார்கள். மந்திரமோ பறக்கும் சக்தியோ கிடையாது, கூடவே ஒரு நாய், அவ்வளவுதான். தலைமுறைகள் தாண்டி அவர்கள் நின்றதற்கு நான் கண்ட காரணம் இதுதான்: எந்தக் கிராமத்துப் பிள்ளையும் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கலாம்.

1987இல் டோம்ஸ் மனோரமாவிலிருந்து ஓய்வு பெற்று, கலாகௌமுதிக்கு அதே பிள்ளைகளை வரையப் போனார். மனோரமா கோர்ட்டுக்குப் போனது. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1989 கேரளா 49ஆம் பக்கத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேருமுன்பே பிறந்துவிட்ட பாத்திரங்கள் அவை, வேலையை விட்டபின் அவற்றை வைத்து அவர் புதிதாக வரைவதைத் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். வரைகிற கைக்கு இந்த நாட்டில் கிடைத்த பெரிய காவல்களில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன்.

அதனால் கட்சிக்காரரிடம் நான் கேட்டது ஒன்றுதான். "வேலைக்குச் சேருமுன்னே இதை எங்கேயாவது வரைஞ்சிருக்கீங்களா, அண்ணாச்சி?"

நாலு நாள் கழித்து ஒரு நோட்டோடு வந்தார். பக்கத்து வீட்டுச் சிறுமியின் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு. அவள் தினமும் இவர் திண்ணையில் வந்து உட்காருவாளாம். கழித்தல் கணக்குகளுக்குக் கீழே பென்சிலில் அவளையே வரைந்திருந்தார், கூடவே அவள் வீட்டு ஆட்டுக்குட்டியையும். படத்தின் குறுக்கே டீச்சரின் சிவப்பு மைக் கோடு. பக்கத்தில் மலையாளத்தில், கணக்கு நோட்டில் படம் வரையக் கூடாது என்ற கண்டிப்பு, கையெழுத்து, தேதி. கம்பெனியில் அவர் சேர்ந்ததற்கு நான்கு வருஷம் முந்தைய தேதி.

பதிப்புரிமை மீறல் வழக்கை முன்சீப் கோர்ட்டில் போட முடியாது, ஜில்லா கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கம்பெனி அங்கே தடையுத்தரவு கேட்டது. படம் பிற்பாடு வரைந்து சேர்த்ததாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட்டார். நான் நோட்டை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். சிவப்பு மை பென்சில் கோட்டின் மேல் ஏறியிருந்தது. படம் இல்லாமல் படத்தைக் கண்டித்து எழுத முடியுமா என்றும் கேட்டேன். ஓய்வு பெற்றிருந்த அந்த டீச்சர், கையெழுத்து தன்னுடையது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். இடைக்கால மனு தள்ளுபடியானது. சில மாதங்களில் ராஜியும் ஆனது: வேலையில் இருந்தபோது வரைந்த அட்டைப்படங்களைக் கம்பெனி அச்சிட்டுக்கொள்ளலாம். சிறுமியும் குட்டியும் ஓவியருக்கு.

நோட்டைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டேன். நகலை வைத்துக்கொண்டு கோர்ட் அசலைத் தந்தது. அதை வாங்க, அந்தப் பழைய மூன்றாம் வகுப்புக்காரி கைக்குழந்தையோடும் ஐந்து வயது மகளோடும் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். பெரிய பெண் வராந்தாவில் உட்கார்ந்து பக்கத்தைப் பிரித்தாள்.

"அம்மா, ஆட்டுக்கு ஒரு கால் இல்ல."

அதுவரை எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. அன்றைக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளை நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது ஓவியருக்கு நினைவு வந்தது. "கொண்டா மக்களே" என்று நோட்டை வாங்கி, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

கோர்ட் கட்டில் உள்ள நகலில் அந்தக் குட்டிக்கு மூன்று கால்தான்.