பட்டியலில் இல்லாத கட்டம்

நெல்லைச் சீமையில் உழவரைச் சம்சாரி என்று சொல்லும் வழக்கம் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் நமக்கிருக்கும் சிறு வயலை வாரத்துக்குப் பார்த்துவரும் அண்ணாச்சியும் ஒரு சம்சாரியே. 2025 ஆகஸ்டு கடைசியில் அவர் பாளையங்கோட்டையில் நம் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். காலைப் பயிற்சிக்கு ஆறு மணிக்கெல்லாம் மருத்துவமனையில் இருக்கவேண்டும். அந்நேரத்தில் ஊரிலிருந்து பேருந்து கிடையாது. ஆகவே ஒரு ஸ்கூட்டர் வாங்கவேண்டும். தவணை அவருக்குப் பிடிக்கவில்லை. “ஆர்.சி. புக்குல அடமானம்னு வேற ஒருத்தன் பேரு இருந்தா அது எப்பிடி தம்பி நம்ம வண்டியாகும்?” என்றார்.

வண்ணாரப்பேட்டைப் பக்கமுள்ள ஒரு இருசக்கர வாகன விற்பனை நிலையத்தில் நம்முடைய பழைய மாணவர் ஒருவர் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறார். அண்ணாச்சியை அவரிடம் அனுப்பிவைத்தோம். ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி வண்டியைப் பதிவு செய்தாயிற்று. கார் அறுவடை நெல் விற்ற பணமும் கையிருப்பும் சேர்த்தும் ஆறாயிரம் ரூபாய் குறைந்தது. மனைவியின் தோட்டை அடகு வைப்பதென்று முடிவு செய்திருந்தார்.

இந்த மாணவரைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். முதுகலைத் தமிழ் முடித்து, வேலை தேடி ஓராண்டு அலைந்தபின், இந்த விற்பனை நிலையத்தில் சேர்ந்ததைச் சொல்வதற்காக ஒருநாள் வந்தார். “தமிழ் படித்துவிட்டுப் பில் போடும் பெட்டியைத் தட்டப் போகிறீரா?” என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளிக்குத் தவறாமல் வந்து பார்ப்பவர்தான். ஆனால் தம் வேலையைப் பற்றி நம்மிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை.

செப்டம்பர் 3ஆம் தேதி இரவு சரக்கு சேவை வரிக் குழுவின் முடிவு வெளியாயிற்று. 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறையும். 22ஆம் தேதி முதல் நடைமுறை. மறுநாள் காலையிலேயே மாணவர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, அவங்களைத் தோட்டை அடகு வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. முன்பணம் எப்பக் கட்டியிருந்தாலும் பில் 22க்குப் பெறகு போட்டா புது வரிதான். இப்பப் போட்டுட்டா பழைய வரி.”

கணக்கு எளியது. வரிக்கு முந்தைய விலை 70,000 என்றால் 28 விழுக்காட்டில் வரி 19,600. 18 விழுக்காட்டில் 12,600. வித்தியாசம் ஏழாயிரம். அண்ணாச்சிக்குக் குறைந்ததோ ஆறாயிரம். ஆனால் அந்தப் பதினெட்டு நாட்களும் விற்பனை நிலையங்களுக்கு வறட்சிக் காலம். வாங்க வந்தவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். பதிவு செய்தவர்களுக்காவது பில் போட்டு முடியுங்கள் என்று மேலாளர் நெருக்கிக்கொண்டிருந்தாராம். “தள்ளிப் போடுங்கள்” என்று வாடிக்கையாளரிடம் சொல்வது அந்த இடத்தில் வேலையைப் பணயம் வைக்கும் காரியம். அதை அவர் நம்மிடம் சொல்லவில்லை. பின்னால் வேறொருவர் வழியாகத் தெரிந்துகொண்டோம்.

அண்ணாச்சிக்கு இது புரியவில்லை. “பணத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன், வண்டி கண்ணு முன்னால நிக்கி. கம்ப்யூட்டர் மாறணும்ங்கான். என்னமும் ஏமாத்துதானா தம்பி?” என்று இரண்டுமுறை கேட்டார். நாமே பொறுப்பு என்று சொல்லிவைத்தோம். சொன்னோமே தவிர, கணினி ஏன் மாறவேண்டும் என்பது நமக்கும் தெரியாது.

பிறகுதான் கேட்டறிந்தோம். விற்பனை நிலையத்தின் மென்பொருளில் ஒவ்வொரு பொருளும் ஒரு தலைப்பெண்ணின்கீழ் நிற்கிறது. மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் 8711. அந்த எண்ணுக்கு எந்தத் தேதியிலிருந்து எத்தனை விழுக்காடு என்பதைப் பட்டியலில் மாற்றினால் அதன்பின் வரும் பில்கள் எல்லாம் மாறிவிடும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் ஏற்கெனவே முன்பணம் வாங்கிய பதிவுகளில், பதிவு செய்த நாளின் விலை பூட்டப்பட்டிருக்கும். புதுப்பித்தல் வந்தாலும் அந்தப் பூட்டு திறக்காது. ஒவ்வொரு பதிவையும் நீக்கி, புதிதாக எழுதி, முன்பணத்தை அதன்பேருக்கு மாற்றவேண்டும். அதற்குப் பின்னர்தான் காப்பீடு, சாலைவரி, ‘வாகன்’ தளத்தில் பதிவு எல்லாம். பில்லில் பிழை இருந்தால் அப்பிழை எல்லா இடத்துக்கும் நடந்துபோகும்.

இது புதிய தொல்லையும் அன்று. 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி வந்தபோது ஒரு இரவு. 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானபோது ஒன்று. 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ். 6 விதி வந்தபோது இன்னொன்று. அரசாணை அச்சாகும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கண்விழித்து அதை இயந்திரத்துக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறார். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் எழுதுகிறார்கள் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. எழுதப்பட்ட மென்பொருளோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செப்டம்பர் 21 ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. தாமிரபரணியின் படித்துறைகளில் எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டு ஊரே நின்றது. நாமும் குறுக்குத்துறைக்குப் போய்த் தந்தையாருக்குச் செய்யவேண்டியதைச் செய்து திரும்பினோம். மாணவர் அன்று பிற்பகல் விற்பனை நிலையத்துக்குள் போனவர் மறுநாள் விடியற்காலையில்தான் வீடு திரும்பினார் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை, நவராத்திரியின் முதல் நாள், அண்ணாச்சியையும் அவர் மகளையும் நாமே அழைத்துப் போனோம். கூட்டத்துக்குக் குறைவில்லை. முன்பண ரசீதை நீட்டியபோது முகப்பிலிருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்த நம்பர் கேன்சல் ஆயிருக்கே” என்றார். அண்ணாச்சி நம்மைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எளிதில் மறக்க முடியாது. முப்பதாண்டுப் பழக்கம் அந்த ஒரு கணத்தில் தராசில் ஏறி நின்றது.

அதற்குள் மாணவர் உள்ளிருந்து வந்துவிட்டார். கையில் ஒரு கற்றைத் தாள்கள், ஒவ்வொன்றும் அரைப்பக்கம், தமிழில் கையால் எழுதியவை. அண்ணாச்சியின் பெயரெழுதிய தாளை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக்கூட்டி உரக்கவே வாசித்தார். உங்கள் பழைய பதிவு எண் இது. புதிய எண் இது. நீங்கள் கட்டிய ஐயாயிரம் ரூபாய் புதிய எண்ணில் அப்படியே இருக்கிறது. வரி குறைந்ததால் பழைய விலை இவ்வளவு, புதிய விலை இவ்வளவு. இனிக் கட்டவேண்டியது இவ்வளவு. ஆறே வரிகள். ஒரு சொல்லும் மிகையில்லை, ஒரு ஒற்றும் பிழையில்லை.

“எல்லாருக்குமா எழுதினீர்?” என்று கேட்டோம்.

“ஆமாய்யா. முன்பணம் கட்டுனவங்க முப்பத்தோரு பேர். பழைய நம்பர் செல்லாதுன்னு மிஷின் இங்கிலீஷ்ல ஒரு வரி காட்டும். அதப் பாத்தா யாருக்கும் பயமாத்தான இருக்கும்? வெளக்கம் சொல்லுறதுக்கு மென்பொருள்ல கட்டம் இல்ல.”

அண்ணாச்சி மடியிலிருந்து நாற்பதாயிரத்தை எண்ணி வைத்தார். மிச்சத்தை மகள் தன் கைப்பேசியில் யுபிஐ வழியாக அனுப்பினாள். முன்பெல்லாம் ரொக்கத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று ரசீது தனித்தனியாக வருமாம். அவ்வாண்டுப் புதுப்பித்தலில் முன்பணம், ரொக்கம், யுபிஐ மூன்றும் ஒரே ரசீதில் அடங்கின. பாக்கி: சுழி. அடமானம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அதை மகளிடம் காட்டச் சொல்லி அண்ணாச்சி இருமுறை உறுதி செய்துகொண்டார்.

வகுப்பறையில் ஆண்டுதோறும் தெளிவு, சுருக்கம், விளங்கவைத்தல் என்று உரைநடையின் இலக்கணம் நடத்துகிறோம். விடைத்தாள்களில் அதைத் தேடி மதிப்பெண் போடுகிறோம். அன்று ஒரு கடையின் முகப்பில், முப்பத்தொரு அரைத்தாள்களில் அது கிடந்தது. பதினோரு ஆண்டுகளுக்குமுன் நாம் கேட்ட கேள்விக்கு அவர் அன்று பதில் சொல்லாததன் காரணமும் விளங்கிற்று. சொல்ல ஒன்றுமில்லாததால் அல்ல. நாம் கேட்கும் நிலையில் இல்லாததால்.

புறப்படும்போது, “அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றோம். எதைச் சொல்கிறோம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. “அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா, தூக்கம்தான் கண்ணக் கட்டுது” என்று சிரித்தார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தோம். ஸ்கூட்டர் திண்ணையோரம் நின்றது. பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள்களோடு ஒரே உறையில் அந்த அரைத்தாளையும் அண்ணாச்சி மடித்து வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டோம். “நம்ம கிட்ட இருக்குற காயிதத்துல நமக்குப் படிக்க வாரது இது ஒண்ணுதான தம்பி” என்றார்.