திறவுகோலின் இரு கடமைகள்

கதவைப் பூட்டுவதும் திறப்பதும் ஒரே திறவுகோல்தான். ஆயினும் இன்று நம் ஆலயத் திறவுகோல்கள் பூட்டும் பணியையே மிகுதியாகச் செய்து வருகின்றன. காலைத் திருப்பலி முடிந்து கோயிலை அடைத்துவிட்டால், மாலைச் செபமாலைக்கு மணி அடிக்கும்போதுதான் பல ஊர்களில் மீண்டும் திறக்கிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் வருகிறவர் இரும்புக் கம்பிகளுக்கு வெளியே நின்று, பீடம் இருக்கும் திசையை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு திரும்பிச் செல்கிறார். காரணம் கேட்டால், "திருட்டுப் பயம்" என்கிறார்கள். அந்த விடையில் பொய்யில்லை. ஆனால் நாம் அஞ்சுவது எதற்கு, காக்க விரும்புவது எதை என்று ஒருமுறையேனும் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் பங்கில் நடந்த ஒரு நிகழ்ச்சியே என்னை இவ்வாறு எண்ணத் தூண்டியது.

எங்களுடையது கடலோரச் சிற்றூர். சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து இரவொன்றில், ஆலயத்தின் பக்கக் கதவை நெம்பித் திறந்து யாரோ உள்ளே புகுந்தனர். புனித அந்தோணியார் சுரூபத்தின் முன்னிருந்த உண்டியல் உடைக்கப்பட்டது. பித்தளைத் தூபக்கால், கைமணி, ஒலிபெருக்கிக் கருவி ஆகியன காணாமற்போயின. நற்கருணைப் பேழையை யாரும் தொடவில்லை. விடியற்காலையில் மணி அடிக்க வந்த கோயில்பிள்ளை ஓடிச்சென்று பங்குத்தந்தையை அழைத்து வந்தார். அவர் முதலில் பேழையின் முன் முழந்தாளிட்டு, அது பூட்டியிருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே மற்றவற்றைப் பார்த்தார்.

ஆலயத்தின் முன்மண்டபத்தில் நாள்தோறும் இரவில் ஒரு முதியவர் படுத்துறங்குவது வழக்கம். எந்த ஊரினர் என்று எவருக்கும் தெரியாது. அதிகம் பேசமாட்டார். விடிந்ததும் மண்டபத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு எங்கோ போய்விடுவார். திருட்டுச் செய்தி பரவியதும் இளைஞர்கள் சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டு மிரட்டினர். அவருடைய மூட்டையை அவிழ்த்துக் கொட்டினர். அதில் ஒரு போர்வையும், ஓர் அலுமினியத் தட்டும், பழைய செபமாலை ஒன்றும் இருந்தன. அவர் எதுவும் சொல்லாமல் அவற்றைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறன்று பங்குப்பேரவை கூடியது. கோயிலைப் பகலில் அடைத்துவிட வேண்டும், மண்டபத்திற்கும் இரும்புக் கதவு போட வேண்டும், இனி அங்கே எவரும் படுக்கக் கூடாது என்றனர் ஒரு சாரார். கள்வர் இருவர் நடுவே தொங்கிய ஆண்டவரின் கோயிலுக்குக் காவல் எதற்கு, போனது போகட்டும் என்றனர் மறு சாரார். இரு பக்கமும் குரல் உயர்ந்தபோது, கூட்டத்தின் உறுப்பினர் அல்லாத ஓர் அம்மா வாசற்படியிலிருந்து பேசினார். தெருத் தெருவாக மீன் விற்பவர் அவர்.

"சாமி, விடியுமுன்னே நான் மீன் ஏலத்துக்குப் போயிடுறேன். கூடையோட நாலு தெரு சுத்தி முடிக்க மத்தியானம் ஆயிடும். அந்த நேரத்துலதான் மாதாகிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியும். ராத்திரி வந்த கள்ளனுக்காகப் பகல்ல வர்ற எனக்குக் கதவை அடைக்கப் போறீங்களா?"

சற்று நேரம் அங்கே எவரும் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு இரு சாராரிடமும் விடை இருக்கவில்லை என்பதே உண்மை. முதல் சாரார் அவரை மறந்திருந்தனர். மறு சாராரோ, உடைக்கப்பட்ட உண்டியலில் இருந்தது அவரைப் போன்றவர்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போட்ட காசு என்பதை மறந்திருந்தனர்.

திருச்சபை இந்த இரண்டையும் மறக்கவில்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் இது விளங்கும். நற்கருணை வைக்கப்பட்டுள்ள ஆலயம், கடுமையான தடை ஏதும் இருந்தாலன்றி, நாள்தோறும் சில மணி நேரமேனும் நம்பிக்கையாளரின் செபத்திற்காகத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் 937-ஆம் எண். அதற்கு அடுத்த எண்ணே, நற்கருணைப் பேழை அசைக்க முடியாததாகவும் உறுதியான பொருளால் ஆனதாகவும் பூட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றும், அதன் திறவுகோலை மிகுந்த கவனத்துடன் பேண வேண்டும் என்றும் பணிக்கிறது. புனிதமானவையும் விலையுயர்ந்தவையுமான பொருள்களுக்குத் தக்க பாதுகாப்புச் செய்யுமாறு 1220-ஆம் எண் கூறுகிறது. திறந்து வை என்னும் கட்டளையும், காத்து வை என்னும் கட்டளையும் அருகருகே நிற்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமையில்லை. ஆலயக் கதவுகள் திறந்திருப்பது திருச்சபையின் திறந்த உள்ளத்திற்குக் கண்கூடான அடையாளம் என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் நினைவூட்டினார்.

பேழையைப் பற்றிய அந்தக் கண்டிப்பு வீண் கண்டிப்பன்று. இத்தாலியின் சியன்னா நகரில் 1730 ஆகஸ்டு 14 அன்று, விண்ணேற்புப் பெருவிழாவின் முந்தைய நாள் வழிபாட்டிற்கு மக்கள் சென்றிருந்த வேளையில், புனித பிரான்சிஸ் பேராலயத்தில் இருந்த நற்கருணைப் பாத்திரம் திருடப்பட்டது. திருடனுக்கு வேண்டியிருந்தது பாத்திரமே. அதிலிருந்த திருஅப்பங்களோ, மூன்று நாள்களுக்குப் பின், அதே நகரின் மற்றோர் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டிக்குள் தூசிக்கும் சிலந்தி வலைக்கும் நடுவே கண்டெடுக்கப்பட்டன. உலோகத்தின் விலையை மட்டுமே அறிந்த ஒருவனின் கை பட்டால் எது எங்கே எறியப்படும் என்பதற்கு இது சான்று. அதனால்தான் பேழையின் திறவுகோலைப் பீடத் துணியின் அடியிலோ, எவரும் அறிந்த இழுப்பறையிலோ வைத்துவிட்டுப் போவது வெறும் கவனக்குறைவாகாது. அது வழிபாட்டிலேயே நேரும் குறை.

காவலும் வரவேற்பும் முற்காலத்தில் ஒரே மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. எருசலேம் கோவிலின் வாயிற்காப்போரைப் பற்றிக் குறிப்பேடு முதல் நூலின் ஒன்பதாம் அதிகாரம் விரிவாகக் கூறுகிறது. அவர்கள் 212 பேர். கருவூலங்கள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. கோவிலைச் சுற்றியே இரவைக் கழித்தனர். காலைதோறும் கதவைத் திறப்பதும் அவர்கள் கடமையே. வழிபாட்டுக் கலங்களை எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் எண்ணிப் பார்க்கச் சிலர் இருந்தனர். நம் திருச்சபையிலும், குருத்துவத்திற்கு முன் பெறவேண்டிய நான்கு சிறு பட்டங்களுள் முதலாவது வாயிற்காப்போர் பட்டம். அதைப் பெறுபவரிடம் ஆயர் ஆலயத் திறவுகோல்களை ஒப்படைப்பார். அவர் கதவைப் பூட்டித் திறந்து, மணியையும் ஒலிக்கச் செய்வார். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் செய்த சீர்திருத்தத்தால் அப்பட்டம் நீங்கிற்று. பட்டம் நீங்கியதே ஒழியப் பணி நீங்கவில்லை. அது இப்போது பொதுநிலையினராகிய நம் கைகளில் வந்து விழுந்திருக்கிறது.

இப்பணியாலேயே புனிதரானவர்களும் உண்டு. மனைவியையும் மக்களையும் சாவுக்குப் பறிகொடுத்து, பின்னர் இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்த புனித அல்போன்ஸ் ரொட்ரிகஸ், மயோர்க்கா தீவிலுள்ள கல்லூரி ஒன்றின் வாயிலைப் பல்லாண்டுகள் காத்து, 1617-இல் இறந்தார். கதவு தட்டப்படும்போதெல்லாம் தட்டுபவர் ஆண்டவரே என்றெண்ணி எழுந்து சென்றவர் அவர். யார் வருகிறார் என்று பார்ப்பது காவலனின் தொழில். வருகிறவரில் யாரைப் பார்க்கிறோம் என்பதில்தான் காவலன் வாயிற்காப்போனாக உயர்கிறான்.

எங்கள் பங்கில் முடிவில் செய்தவற்றைச் சொல்கிறேன். இவை பெரிய ஏற்பாடுகள் அல்ல. எந்தச் சிற்றூரும் செய்யக்கூடியவை. பக்கக் கதவுகளைப் பகலில் அடைத்து, தலைவாசல் ஒன்றையே திறந்து வைத்தோம். உண்டியலை நாள்தோறும் மாலையில் இருவர் சேர்ந்து திறந்து, எண்ணிக் கையொப்பமிட்டு ஒப்படைக்கிறார்கள். இரவில் அது வெறுமையாகவே இருக்கிறது. அதை எழுதியும் ஒட்டியிருக்கிறோம். கதிர்ப்பாத்திரம், இரசக்கிண்ணங்கள், பழைய மரச் சுரூபங்கள் ஆகியவற்றை நிழற்படம் எடுத்து, அளவும் அடையாளமும் குறித்து ஒரு பதிவேடு உருவாக்கினோம். ஆலயச் சொத்துகளுக்குத் துல்லியமான பட்டியல் வேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டமே. களவு போன பொருளின் படமும் அளவும் இல்லையென்றால், அது கிடைத்தபின்னும் நம்முடையது என்று நிறுவ முடியாது. கண்காணிப்புக் கேமராவும் பொருத்தினோம். ஆனால் அது வந்து போனவரின் முகத்தைக் காட்டுமே தவிர, "ஏனம்மா அழுகிறீர்கள்?" என்று கேட்காது.

ஆகவே, நண்பகல் முதல் மூன்று மணி வரை ஆலயத்தில் இருவர் இருப்பது என்று அன்பியங்கள் முறை வைத்துக்கொண்டன. வியாழக்கிழமை எங்கள் முறை. காவலுக்கென்று போய் உட்கார்ந்த எனக்கு, அதுவரை நான் அறிந்திராத ஒரு பங்கு அந்த நேரத்தில் அறிமுகமாயிற்று. வண்டியை வெளியே நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு நிமிடம் மட்டும் நின்று போகும் ஆட்டோ ஓட்டுநர். நோயுற்ற குழந்தைக்காக அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் இந்துச் சகோதரி. கடைசி இருக்கையில் தேர்வுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் மாணவி. மீன்கார அம்மா கூடையை மண்டபத்தில் இறக்கிவைத்துவிட்டு வருவார். உதவி கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களை வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் அழைத்துச் செல்கிறோம்; பசி என்றால் அந்தோணியார் பெயரால் வைத்திருக்கும் ரொட்டி இருக்கிறது. ஆளிருக்கும் கோயிலைத் திருடன் அணுகத் தயங்குவான் என்று தொடங்கிய ஏற்பாடுதான். ஆனால் பெயர் சொல்லி நலம் கேட்கும் அந்தப் பழக்கம் காவலாகவும் இருக்கிறது, வரவேற்பாகவும் இருக்கிறது.

இரக்கத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். விக்டர் ஹியூகோவின் புதினத்தை, கவியோகி சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வழியாக அறிந்தவர்கள், வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிச் சென்றவனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்த ஆயரை மறக்கமாட்டார்கள். பேரவையில் போனது போகட்டும் என்றவர்கள் அவரையே எடுத்துக் காட்டினர். ஆனால் அந்த ஆயர் கொடுத்தது தம் சொந்த வீட்டு வெள்ளியை. பங்கின் பொருள் நம் சொந்தப் பொருளன்று. முன்னோர் தந்தது, ஏழைகளுக்கு உரியது. பிறர் பொருளைக் காவாது விட்டுவிட்டு அதற்கு இரக்கம் என்று பெயரிடுவது எளிது. நம் பையிலிருந்து கொடுப்பதே கடினம். மேலும், திறந்து கிடக்கும் உண்டியலும் கேட்பாரற்ற கதவும் வலுவிழந்த மனிதனைச் சோதனைக்கு உட்படுத்துகின்றன. அவன் விழாமல் தடுப்பதும் அன்புதான். திருடியவன் இனித் திருடாமல், உழைத்து, இல்லாதவருக்குக் கொடுக்கும் நிலைக்கு வரவேண்டும் என்றே பவுல் எபேசியருக்கு எழுதினார். அவன் அந்த நிலைக்கு உயர வழி காட்டுவதே அவன்மேல் காட்டும் இரக்கம்.

சந்தேகத்தைப் பற்றி இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்திலிருந்து 12-ஆம் நூற்றாண்டின் அரிய சுவடி ஒன்று 2011-இல் காணாமற்போயிற்று. அடுத்த ஆண்டு அது மீட்கப்பட்டபோது, எடுத்தவர் அப்பேராலயத்திலேயே நெடுங்காலம் மின்பணி செய்தவர் என்று தெரியவந்தது. பன்னிருவரின் பணப்பையை வைத்திருந்து, அதிலிருந்து எடுத்துக்கொண்டவனும் அயலானல்லன். ஆயினும் பொருள் ஒன்று காணவில்லையென்றால் நம் கண் முதலில் கிழிந்த ஆடையின்மேல்தான் விழுகிறது.

எங்கள் கோயிலில் திருடியவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. மண்டபத்துப் பெரியவரைத் தேடிப் பங்குத்தந்தையும் நானும் இன்னும் சிலரும் பேருந்து நிலையத்திற்குப் போனோம். பங்குத்தந்தை அவர் அருகில் தரையில் அமர்ந்து, பங்கு மக்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவர் கைகூப்பினார், சில நாள்களில் ஊருக்குத் திரும்பியும் வந்தார். ஆனால் மண்டபத்தில் படுப்பதில்லை. எதிரேயுள்ள கடையின் தாழ்வாரத்தில் படுக்கிறார். காலையில் கூட்டுவதும் இல்லை. உண்டியலில் போன பணம் அடுத்த திருவிழாவிலேயே திரும்பி வந்துவிட்டது. தூபக்காலை ஒரு குடும்பத்தார் வாங்கித் தந்தனர். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டதை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்று எங்கள் ஆலயத்தில் நடந்த இரு திருட்டுகளில் பெரியது எது என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

கி.பி. 258-இல் உரோமையில், திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு ஆட்சியாளர் கேட்டபோது, திருத்தொண்டர் லாரன்ஸ் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்து வந்து நிறுத்தினார் என்பது வழிவழி வரும் வரலாறு. போரில் பிடிபட்டோரை மீட்க, மிலான் ஆயர் புனித அம்புரோஸ் திருக்கலங்களையே உருக்கினார். கலங்களைக் காக்க வேண்டாம் என்று இவர்கள் சொல்லவில்லை. மனிதர் அவற்றினும் விலையுயர்ந்தவர் என்று காட்டினார்கள். நாம் காக்கும் பொருள்களின் பதிவேட்டில் முதல் பக்கம் மனிதருக்கு உரியது.

உங்கள் ஊர் ஆலயம் பகலில் அடைந்து கிடக்கிறதா? பங்குத்தந்தையைக் குறைகூறுமுன், வாரத்தில் ஒரு மணி நேரம் அங்கே அமர உங்களால் முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் அவரிடம் சென்று சொல்லுங்கள். இருவர் இருவராக ஒரு சிலர் முன்வந்தாலே நண்பகலில் அந்தக் கதவு திறந்துவிடும். கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வர எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.