தோளைக் கேட்டு வாங்கிய கேமரா

ஓய்வுக்குப் பின் பறவைப் படம் எடுக்கும் ஆசை வந்த நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "சார், எந்த லென்ஸ் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "தோள்பட்டை எப்படி இருக்கு?"

நிக்கான் 200-500 லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ. பாடியும் சேர்ந்தால் மூன்று கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மேலூர் பக்கம் அரிட்டாபட்டிப் பாறையில் ஏறிப் பாருங்கள், தெரியும். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அந்த ஊர்தான். வல்லூறு உச்சிப் பாறையில்தான் உட்காரும். நம் முட்டிவலிக்காக இறங்கி வராது.

ஓய்வுப் பணத்தில் நான் வாங்கியது நிக்கான் பி900. 900 கிராம்தான், 2000 மி.மீ. வரை இழுக்கும். சென்சார் சுண்டுவிரல் நகமளவு. ஆகவே விடியலில் படம் புள்ளி புள்ளியாக வரும். பறக்கும் பறவையைப் பிடிப்பதும் கஷ்டம். வெயில் ஏறட்டும் என்றால் கானல் வந்துவிடும். தூரத்துப் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். அதை லட்ச ரூபாய் லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் நமக்கு.

மிச்சமான பணத்தில் வீட்டம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. இப்போது என் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, "இதுல கண்ணு தெளிவா இல்லைங்க" என்று அவரே கழித்துவிடுகிறார்.