ஒப்புகை வேறு, பதில் வேறு

குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: கடிதம் அனுப்புவது பாதி வேலைகூட இல்லை. பதில் வர வேண்டும். வராவிட்டால் நினைவூட்டு 1, நினைவூட்டு 2, அதற்கும் அசையாவிட்டால் அதிகாரியின் நேர்முகக் கடிதம். தன்பதிவேட்டில் அந்த வரியை முடிக்கும்வரை நிம்மதி கிடையாது.

என் பேத்தி கருவிகளோடு பேசும் நிரல்களை சி மொழியில் எழுதுகிறாள். அவள் வேலையை விளக்கியபோது எனக்கு என் பழைய நாற்காலிதான் ஞாபகம் வந்தது. 'ரைட்' என்ற கட்டளையால் கருவிக்குக் கேள்வியை அனுப்புகிறார்கள். அது வெற்றி என்று திரும்பினாலும், கருவி கேள்வியைப் படித்துவிட்டது என்று பொருளல்ல. கணினி அதை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். தபால் பிரிவில் முத்திரை விழுந்த மாதிரி. பிறகு 'ரீட்' என்று பதிலுக்கு உட்கார்ந்தால், கருவி வாய் திறக்காதவரை நிரலும் அங்கேயே நின்றுவிடும். அதனால் 'செலக்ட்' என்ற கட்டளையில் ஒரு கெடு வைக்கிறார்கள். கோளாறு என்றால் மைனஸ் 1 வரும். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் பூஜ்யம்.

"பூஜ்யம்னா தப்பு இல்ல தாத்தா, இன்னும் பேசலைன்னு அர்த்தம். மறுபடி கேட்கணும். எத்தனை தடவைன்னு முதல்லயே முடிவு பண்ணிடணும்" என்றாள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியிலும் 'அக்யூசே த ரெசெப்ஸியோன்' என்ற ஒப்புகை வேறு, 'ரெபோன்ஸ்' என்ற பதில் வேறு.

நம் விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு நிலவில் இறங்கியது. முகையூரில் அன்று நாங்கள் டி.வி.யை விட்டு நகரவில்லை. நிலவு ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தூரம். கேள்வி போய்ப் பதில் வர இரண்டரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். 14 நாள் பகல் முடிய, செப்டம்பர் தொடக்கத்தில் விக்ரமையும் பிரக்யானையும் தூங்க வைத்தார்கள். செப்டம்பர் 22 அன்று எழுப்ப முயன்றதாகவும், சமிக்ஞை எதுவும் வரவில்லை என்றும், முயற்சி தொடரும் என்றும் இஸ்ரோ அறிவித்தது. பூஜ்யம்தான் வந்தது. அதை மறைக்காமல் நாட்டுக்கே சொன்னார்கள்.

எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. ஓர் அலுவலக வராந்தாவில், குடும்ப ஓய்வூதியம் கேட்டு மனுப்போட்ட ஓர் அம்மாள் பதிவுத்தபாலின் ஒப்புகை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று வருடம் வந்து போனார். 'இல்லை' என்று எழுதியிருந்தால் மேல்முறையீடு செய்திருப்பார். மௌனத்துக்கு மேல்முறையீடு எங்கே செய்வது?

விக்ரம் கதை அதோடு முடியவில்லை. அதன் மேல் நாசா கொடுத்த ஒரு சின்னப் பிரதிபலிப்பான் இருக்கிறது. இரண்டு அங்குல அகலம், எட்டுப் பட்டகங்கள். மின்சாரம் வேண்டாம். 2023 டிசம்பர் 12 அன்று நிலவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பியது. அந்த ஒளி வந்த திசைக்கே திரும்பிப் போனது. செய்தி ஏதுமில்லை, 'இங்கேதான் இருக்கிறேன்' என்பது மட்டும்.

அந்த அம்மாளுக்கு அவ்வளவாவது யாராவது எழுதியிருக்கலாம். ஒரு தபால் கார்டு போதும்.